ஏறாத மதிப்பெண்

நிர்வாகப் பயிற்சித் துறை அனுப்பும் பொய் வாசகர்கள் எந்த நூலகத்துக்குள்ளும் எந்த நேரத்திலும் நுழைவார்கள். வெறும் ஒளி உருவங்கள்தான். ஆனால் அசல் மனிதர்களைப் போலச் சண்டை பிடிப்பார்கள். பதறாமல் சமாளிக்கும் அதிகாரிக்கு மணிக்கட்டுப் பட்டையில் மதிப்பெண் ஏறும், பிறகு பதவியும் ஏறும். சந்தனராஜ் அப்படித்தான் மாவட்ட நூலக அலுவலர் ஆனார். புத்தகத்தைத் தொட்ட பாவம் அவருக்குக் கிடையாது.

அன்று மெர்சி என்ற வாசகி அவர் அறைக்குள் ஓடி வந்தாள்.

“சார், பேப்பர் படிக்கிற ஹால்ல ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. என் போன்ல சார்ஜ் இல்ல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க சார்.”

சந்தனராஜ் பயிற்சியில் சொன்னபடியே குரலைத் தாழ்த்தி, அவள் கண்ணைப் பார்த்தார்.

“உங்க பதற்றம் எனக்குப் புரியுதும்மா. முதல்ல உட்காருங்க. உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்.”

“கருத்தா? அங்க உயிர் போய்க்கிட்டிருக்கு சார்.”

“சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.” முகத்தில் அதே புன்னகை.

மெர்சி தெருவுக்கு ஓடினாள். அங்கிருந்தவர்கள் வந்து பெரியவரை ஆட்டோவில் ஏற்றியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

சந்தனராஜ் வெகுநேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் ஏறவில்லை. எரிச்சலோடு ஹாலுக்குப் போனார். காலி நாற்காலிக்கடியில் ஒரு ஜோடி தேய்ந்த செருப்பு கிடந்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு உதவியாளர் ஜோதியிடம் சொன்னார்:

“செருப்பு வரைக்கும் எவ்வளவு தத்ரூபமா பண்றாங்க. மார்க் போட மட்டும் மனசு வரல.”