பழைய படிவம்

"இன்னிக்கு ஒரு கேஸ் வந்துச்சு, வடிவு."

"என்ன கேஸ்?"

"போலீஸ் கூட்டிட்டு வந்துச்சு. காலேஜ் பொண்ணு. பலாத்காரம்ங்கிறா. பார்த்தேன். பழக்கப்பட்ட உடம்புதான்."

"அது எப்படித் தெரியும்?"

"டாக்டருக்குத் தெரியாதா? ரெண்டு விரல் போதும். ரசம் ஊத்து."

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு மதியச் சாப்பாட்டில் நடந்த பேச்சு.

அவள் ரசம் ஊற்றினாள்.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

இப்போது மணி எட்டரை. பத்தரைக்கு அவர் கோர்ட்டில் நிற்க வேண்டும். அதே பெண்ணின் வழக்கு.

சாட்சி சொல்லப் போகிற நாளெல்லாம் இந்த வீட்டில் ஒத்திகை உண்டு. அவர் சாட்சி. அவள் எதிர்த்தரப்பு வக்கீல். கல்யாணமான புதிதில் விளையாட்டாகத் தொடங்கியது. கத்திக்குத்து, லாரி விபத்து, பூச்சிமருந்து என்று இருபத்தாறு வருஷமாக அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். சாட்சி திக்கினால் மதியம் பாகற்காய் என்பது தண்டனை.

"வக்கீலம்மா, சாட்சிக்கு இன்னொரு இட்லி கிடைக்குமா?"

"சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்."

சிரித்தார். அவரே இட்லியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அறிக்கையை அவளிடம் நீட்டினார். அந்தப் பெண்ணின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் வெள்ளைத்தாளைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்.

"பேர் யாருக்கும் தெரியக் கூடாது. சட்டம்" என்றார். குரலில் பெருமை இருந்தது.

அவள் படித்தாள்.

பத்தாவது கட்டத்தில் நின்றாள்.

இரு விரல் பரிசோதனை. உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்.

ஆங்கிலத்தில் ஒரே வரி. அடித்தல் திருத்தல் இல்லாத, முத்து முத்தான எழுத்து.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

ஊசி போட்டதே தெரியாது என்று ஊரே சொல்லும் கை. அவளுடைய அப்பாவின் காலில் புண்ணோடு ஒட்டிக்கிடந்த கட்டுத்துணியை, வெந்நீரில் நனைத்து நனைத்து, நூல் நூலாகப் பிரித்த கை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான் இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அந்த மதியத்துக்குப் பிறகு ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். நாடி பார்க்க விரல்களை நீட்டினார்.

"தெர்மாமீட்டர் வைங்க" என்றாள்.

அவர் எதையும் கவனிக்கவில்லை.

"ஆரம்பிங்க வக்கீலம்மா. நேரமாகுது."

அவள் குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.

"டாக்டர், அந்தப் பெண் பழக்கப்பட்டவர்னு நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா."

"அப்போ அவர் இஷ்டப்பட்டே போயிருக்கலாம், இல்லையா?"

"அதைப் பத்தி அபிப்பிராயம் சொல்ல இயலாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் பொய் சொல்லல. கூடுதலா ஒரு வார்த்தையும் சொல்லல."

"எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதுமா?"

"தாராளமா. மீதியை அவன் பார்த்துக்குவான்."

சட்னியைத் தொட்டுக்கொண்டு சொன்னார்.

அவள் தாளைத் திருப்பவில்லை.

"அந்தப் பரிசோதனையே கூடாதுன்னு, நீங்க அதைச் செய்றதுக்குப் பல வருஷம் முன்னாலேயே தடை பண்ணிட்டாங்களே, டாக்டர்?"

இட்லி பாதி வழியில் நின்றது.

"இதை எவனும் கேட்க மாட்டான், வடிவு."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"பீரோ நிறைய பழைய படிவம் கிடந்துச்சு. புதுசு வரல. அதுல அந்தக் கட்டம் இருந்துச்சு. காலியா விட்டா என்னன்னு கேட்பாங்க. நிரப்பினேன்."

காலியாக இருந்த ஒரு கட்டத்துக்காக.

அந்தப் பெண் மேசைமேல் எப்படிப் படுத்திருந்திருப்பாள் என்று அவள் யோசித்தாள். எதற்கென்று கேட்டிருப்பாளா? டாக்டர் செய்கிறார், தேவையாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடியிருப்பாளா?

மூடியிருப்பாள். வடிவும் அவரைப் பார்த்த முதல் நாளே நம்பியவள்தான்.

"நானே போய் தப்புன்னு சொன்னா என் மேல விசாரணை வரும். ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு. பிரிவுபசாரத்துக்கு மண்டபம்கூடப் பார்த்தாச்சு." அவர் எழுந்து கை கழுவினார். "கேட்டதுக்குப் பதில், வந்த வழியே வீடு. சட்டையை எடு."

தேய்த்த வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது.

அவள் எடுக்கவில்லை.

"என்னங்க."

வக்கீல் குரல் இல்லை அது. அவர் துண்டோடு திரும்பினார்.

அன்று சொல்லாமல் விட்டது, நான்கு வருஷமாக ஒவ்வொரு சாப்பாட்டிலும் அவளோடு உட்கார்ந்து, எழுந்துபோனது. இன்று எழுந்துபோகவில்லை.

"யாரும் கேட்காட்டியும் சொல்லுங்க. கூண்டுல ஏறினதும் நீங்களே சொல்லுங்க. அந்தப் பரிசோதனையை நான் செஞ்சிருக்கவே கூடாது, அந்த ஒரு வரியை வச்சு அவளைப் பத்தி எவனும் எதுவும் பேச முடியாதுன்னு, ஜட்ஜ் எழுதிக்கிற மாதிரி, உங்க வாயால சொல்லுங்க."