மதிலில் ஒரு சந்து

கடலைத் தடுக்கும் மதிலை எங்கள் கரையில் கட்டவில்லை, வளர்த்தார்கள். கடல் ஏறும்போதெல்லாம் வரும் மணலை, கரையில் பரப்பிவிட்ட பசையான நுண்ணுயிர்ப் படலம் பிடித்துக்கொள்ளும், அந்த மணல்மேல் மறுபடி படரும், அடுக்கடுக்காகக் கல்லாகும். மிதித்தால் படலம் கிழியும் என்று கரையில் நடக்கத் தடை போட்டார்கள்.

கடற்பாசி எடுக்கும் பெண்கள் கேட்கவில்லை. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை மீனின் முள்ளுக்குப் பயந்து, முன்னால் போகும் ஜெபமாலை கால்வைத்த இடத்திலேயே கால்வைத்துப் பதினெட்டு வருஷம் நடந்தார்கள். மதில் இடுப்பளவு உயர்ந்தபோது, அந்தத் தடத்தில் மட்டும் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது.

"இனி நடக்காதீங்கம்மா, தானா மூடிக்கும். இல்லேன்னா தண்ணி உங்க வீட்டுக்குள்ள வந்துரும்," என்றார் அதிகாரி.

"வரட்டும் சார்." ஜெபமாலை கூடையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். "நாங்க தெனமும் கடலோட வீட்டுக்குப் போறோம்ல? அதுவும் ஒருநாள் வந்துட்டுப் போகட்டும்."