ஆதரவு வரிசையில் ஒரு அம்மா

“நீலச் சீட்டு ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு. சரியாத்தானே எடுத்திருக்கீங்க மேடம்?” என்றான் கார்ட்டர்.

“நீலம்தான் தம்பி,” என்றாள் டார்லா. “அந்தத் தாள் ஒழியணும். அதைச் சொல்லத்தான் மூணு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன்.”

மசோதாவுக்கு ஆள் திரட்டும் கார்ட்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அயோவா சட்டமன்றத்துக்கு அவன் இதுவரை அழைத்து வந்தவர்கள் எல்லாம் உணவக முதலாளிகள். மசோதாவை விசாரிக்கும் குழுவில் இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். ஐந்தாமவரான தலைவர் ஹோல்கம், “பெத்தவங்க யாராவது வந்து சொல்லட்டும், பார்ப்போம்” என்று நழுவிக்கொண்டே இருந்தார்.

பதினாறு நிரம்பாத பிள்ளை வேலைக்குப் போக அனுமதித் தாள் வேண்டும். என்ன வேலை என்று முதலாளி மேலே எழுதுவார். பெற்றவர் அடியில் கையெழுத்துப் போடுவார். மசோதா நிறைவேறினால் தாளும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

சிவப்பு வரிசையிலிருந்து தொழிற்சங்கத் தொப்பிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். “தொட்டில்ல கிடக்கிறதையும் விட்டுடாதீங்கப்பா, சும்மாதானே கிடக்குது!”

“அவரு கிடக்கிறாரு,” என்றான் கார்ட்டர் டார்லாவிடம். “உங்க பையனுக்கு வேலைக்குப் போக ஆசைதானே?”

“துடிச்சான். கூட்டாளிங்கெல்லாம் போறாங்க, நான் மட்டும் வீட்டுலயான்னு ஒரே அழிச்சாட்டியம்.”

“அடடா, இதை அப்படியே சொல்லுங்க!”

டார்லா தயங்கினாள். “ஒரு சந்தேகம் தம்பி. சட்டம் வந்துட்டா பழைய தாளையெல்லாம் கிழிச்சிருவாங்களா?”

கார்ட்டர் சிரித்தான். “சட்டம் பின்னாடி போகாது மேடம். போட்டது போட்டபடி அலமாரியில இருக்கும். இனிமே வர்றவங்களுக்குத்தான் விடுதலை.”

“சரி,” என்றாள் அவள். “அவங்களாவது தப்பிக்கட்டும்.”

பெயர் கூப்பிட்டார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்; மேசை மேல் பச்சை விளக்கு எரிந்தது.

“சொல்லுங்கம்மா,” என்றார் ஹோல்கம். “அந்தத் தாளால உங்களுக்கு என்ன இடைஞ்சல்?”

“தானியக் கிடங்குல கூட்டிப் பெருக்குற வேலைன்னு எழுதியிருந்துச்சு. அடுப்புல சூப் கொதிச்சுக்கிட்டிருந்தது. அவனே பேனாவைத் திறந்து கையில குடுத்தான். நின்னுக்கிட்டே போட்டேன்.”

கார்ட்டர் சுவரோரம் நின்று தலையாட்டினான். வீட்டுப் பேச்சு, அலங்காரம் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஹோல்கம்கூடப் புன்னகையோடு முன்னால் சாய்ந்தார்.

“கெட்டிக்காரப் பையன். இப்பவும் அங்கேதான் வேலை பாக்கிறானா?”

டார்லா ஒலிவாங்கியின் தண்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“குதிருக்குள்ள இறங்கிக் கூட்டச் சொல்லியிருக்காங்க. அவன் உள்ள இருக்கும்போதே அடி மடையைத் திறந்து சோளத்தை ஓட விட்டுட்டாங்க. நின்னவனை அப்படியே உள்ள இழுத்துக்கிச்சு.”

விளக்கு சிவப்பானது. யாரும் அவளை நிறுத்தவில்லை.

“அந்தத் தாளே இல்லாம இருந்திருந்தா, அவன் சாவுல என் கையெழுத்து இருந்திருக்காது ஐயா.”