குண்டூசி

மேசைமேல் சூரியனின் பெரிய படத்தை விரித்துவிட்டு, பேராசிரியர் குலசேகரன் என்னிடம் ஒரு குண்டூசியை நீட்டினார். "மெதுவான சூரியக் காத்து எங்கேருந்து கெளம்புதுன்னு குத்திக் காட்டு. இப்பவே உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடுறேன்."

சூரியன் ஓயாமல் உமிழும் துகள்களைத்தான் காற்று என்கிறோம். வேகமான காற்றில் சிக்கல் இல்லை. அது கிளம்பும் இடம் படத்தில் கறுப்புத் திட்டாகவே தெரியும். மெதுவானது பூமிக்கு வந்து சேர நான்கைந்து நாளாகும். அதற்குள் சூரியன் தன் அச்சில் சுழன்று திரும்பிவிடும். ஆறு ஆண்டுகளாகக் கணக்குப் போட்டு அது வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திட்டின் விளிம்பில்தான் கொண்டுபோய் விட்டது, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்.

"விளிம்புலதான் சார். எந்த இடம்னு சொல்ல முடியல."

"இதச் சொல்லவா ஆறு வருஷம்?"

உடன் ஆய்வு செய்யும் வேதவல்லி என் முழங்கையை இடித்தாள். "எங்கயாவது குத்தித் தொலைடா. யாரு அங்க போய்ப் பாக்கப் போறா?"

விளிம்பில் ஒரு குத்து குத்தினேன். பேராசிரியர் பேனாவைத் திறந்தார். பக்கத்திலேயே இன்னொன்று குத்தினேன். பிறகு இன்னொன்று. விளிம்பைச் சுற்றி முடித்தபோது திட்டு கழன்று என் கையோடு வந்தது. அவர் சூரியனில் விழுந்த ஓட்டை வழியே சற்று நேரம் மேசையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.