நல்லசிவம் வீட்டு ஆர்கன்

பட்டாசு ஃபாக்டரியைச் சோதனை போட வந்த அதிகாரி கனகசபாபதியை, முதலாளி நல்லசிவம் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, இங்கிலாந்தின் ஸாலிஸ்பரி பேராலயத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கையில் ஒரு போஸ்ட் கார்டு. ரேடியோகிராமில் ஓர் இசைத்தட்டு. பேராலயம் அவ்வளவுதான்.

"கோபுரம் நானூறு அடிங்கய்யா. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் அதுல பாதி. பூமிக்குள்ள கடக்கால் எம்புட்டுன்னு நினைக்கீக? நாலே அடி. எழுநூறு வருசமா அசையாம நிக்குது."

"நாலடியா? உம்ம குடோனும் அப்படித்தானோ?"

அதிகாரி சிரித்ததைவிட நல்லசிவம் கூடுதலாகவே சிரித்தார்.

ஜீப் முன்தகவல் இல்லாமல் வந்துவிட்டது. தீபாவளி சீசன். நாரணாபுரம் ஃபாக்டரியில், நாலு பேர் உட்கார லைசென்ஸ் வாங்கிய அறையில் இருபது பெண்கள் வெடிக்குத் திரி செருகிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கமாக, கூடுதல் ஆட்களைப் பருத்திக் காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். போன மாதம் வேறொரு கம்பெனியில், செடிகளுக்கு நடுவே கலர் கலராகச் சேலை தெரிந்து மாட்டிக்கொண்டார்கள். அதனால் நல்லசிவம் புதிதாக ஒன்று யோசித்து, போர்மேன் மாரிசாமியைக் கொல்லைவழியாக சைக்கிளில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

"கூடுதல் ஆளுகள வெடிமருந்து ரூம்ல உள்ள விட்டு வெளிய பூட்டிருலே. ஐயா கிளம்புனதும் திறந்துக்கலாம்."

அடுப்படியில் நின்ற வேலைக்காரி ராமுத்தாய்க்கு இது காதில் விழுந்தது. அவள் மகள் முத்துப்பேச்சி அந்த இருபதில் ஒருத்தி.

"மொதலாளி, எம்பிள்ளையும் அங்கனதான் இருக்கா."

"இருக்கட்டுமே. பாட்டு பிளேட்டு ஓடி முடியிற நேரந்தான். காப்பி ஆறுது, பாரு."

முன்பு ஜெர்மனிக்கு அச்சு மிஷின் வாங்கப் போன நல்லசிவம், திரும்பும் வழியில் ஸாலிஸ்பரியைப் பார்த்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற கை, அங்கேயும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டது. உள்ளே பையன்கள் பாடிய பாட்டு முடியும்வரை கல்தரையில் சாக்ஸோடு நின்றார். வெளியே வந்தபோது பூட்ஸுக்குள் மழை நிரம்பியிருந்தது.

பூட்ஸைப் பற்றி இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பாட்டைக் கேட்டுக் கண்ணீர் வந்தது என்பார். கண்ணீர் வந்தது உண்மைதான். அப்படி ஒரு குளிர்.

இசைத்தட்டில் பையன்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போயின. அதிகாரி நாற்காலிக் கையில் விரலால் தட்டிப் பார்த்தார்.

"தாளம் எங்கய்யா இருக்கு?"

"அது தாளத்துக்குள்ள அடங்காதுங்கய்யா. கோயிலச் சுத்திப் பச்சப் புல்லு. ஒருத்தன் கால் வைக்க மாட்டான். ஒரு சத்தம் இருக்காது."

"அப்ப உம்ம சரக்கு அங்கன விக்காது."

நல்லசிவம் மறுபடியும் சிரித்தார். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறாரா, தூங்குகிறாரா என்று தெரியவில்லை. எதுவானாலும் சரிதான். ராமுத்தாய் இரண்டாவது காப்பியோடு வந்து, கண்ணைத் திறப்பார் என்று காத்து நின்றாள்.

அப்போதுதான் அது வந்தது.

தரைக்கு அடியிலிருந்து கிளம்பி, தூணில் ஏறி, ஜன்னல் கண்ணாடிகளை ஒரு உலுக்கு உலுக்கியது. நல்லசிவத்துக்குக் காதுக்கு முன்னால் காலுக்குத்தான் அது கேட்டது.

அதிகாரி கண்ணைத் திறந்தார். "என்னது?"

"ஆர்கன், ஐயா." குரல் நடுங்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்தக் கோயில் வாத்தியம். முப்பத்திரண்டு அடிக் குழாய். அடிவயித்துல வந்து இடிக்கும்."

காப்பித் தட்டு கீழே விழுந்தது. ராமுத்தாய் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடினாள். கதவுக் கொக்கியில் மாட்டிய முந்தானை கிழிந்து அங்கேயே தொங்கியது.

"வேலைக்காரி," என்றார் நல்லசிவம். "இந்த மாதிரிச் சங்கீதமெல்லாம் கேட்டுப் பழக்கமில்ல, பாவம்."

கனகசபாபதி எழுந்தார். ஜன்னல் நாரணாபுரம் பக்கம் திறந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை; கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபாக்டரிக்கென்று வந்தவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. 

பிறகு நல்லசிவத்தின் கைகளைப் பார்த்தார்.

ஒரு பக்கம் பாடி முடித்து, அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே திருப்பிப் போடுவதற்காக எடுத்த இசைத்தட்டு, அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது.

"நல்ல ஆர்கன்," என்று சொல்லிவிட்டு அதிகாரி மறுபடி உட்கார்ந்தார். "அடுத்த பக்கம் போடுங்க."