கடல் இல்லாத ஊரில் அலை

வளைகாப்பு முடிந்து, செவ்வந்தியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகக் கார் வாசலில் நின்றது. மேகங்களுக்கும் வெகு உயரே மிதக்கும் நிலையத்தில் வேலை செய்யும் அவள் கணவன் இளம்பரிதி மட்டும் இன்னும் இறங்கிவரவில்லை.

"அலை உடைஞ்சு மேல்காத்தையே திருப்பிடுச்சு, நிலையம் வேற பக்கம் நகருது. இன்னைக்கு இறங்க முடியாதும்மா," என்றான் போனில்.

"கடலே இல்லாத நம்ம கம்பம் ஊர்ல ஏதுடா அலை?" என்று மாமியார் சீறினாள்.

"நம்ம மலையில காத்து மோதி எழும்புற அலைம்மா. இங்க உசரத்துல வந்து உடையுது."

செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையடிவாரத்தில்தான் வீடு வேண்டுமென்று அடம்பிடித்தவனே அவன்தான். வளையல் குலுங்கப் போனைப் பிடுங்கினாள்.

"எங்க நாகப்பட்டினத்துல மலையே கிடையாதுங்க. அலையெல்லாம் கரையோட நின்னுக்கும். பிள்ளையப் பாக்கணும்னா அங்க வந்து இறங்குங்க!"