ஹாலுக்குள் நுழையாத முகம்

“கூட்டத்தை ஹாலுக்குள்ள வச்சுக்கலாங்க. இப்ப வந்த சாட்டிலைட் படத்துல மேகம் நம்ம திருவெறும்பூர் பக்கம்தான் வருது,” என்று செல்போனை நீட்டினார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பேட்ரிசியா.

தலைவர் ரெங்கராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைதானத்து மேடையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். அதில் முக்கால்வாசி அவர் முகம்.

“இது ஹாலுக்குள்ள நுழையுமாம்மா?”

“நுழையாதுங்க.”

“அப்புறம் என்ன? முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தள்ளி நிக்கிற சாட்டிலைட்டுக்கு நம்ம மைதானத்தைப் பத்தி என்ன தெரியும்? மேல பாருங்க, வெயில் அடிக்குது.”

சாயங்காலம் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அவர் மைக்கைப் பிடித்ததும் மழை கொட்டியது. வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். காற்றில் அறுந்து விழுந்த ஃப்ளெக்ஸுக்கு அடியில் தலைவர் புகுந்துகொண்டார்.

காலையிலேயே எடுத்து வந்திருந்த குடையை விரித்தபடி பேட்ரிசியா அருகில் வந்தார்.

“உள்ள இருந்தா எழுத்து தெரியாதுங்க தலைவரே. நானே படிச்சுடறேன்.”

நிதானமாகப் படித்தார்:

‘வானிலைச் செயற்கைக்கோளை நம்புவோம், மழையை வெல்வோம். விழிப்புணர்வுச் சிறப்புரை: தலைவர் ரெங்கராஜ்.’